அன்றாட வாழ்வில் மன அழுத்தமும் மனவிழிப்புப் பயிற்சியும்
(திருவிழாச் சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பினாங்கில் பிறந்து வளர்ந்த அன்பர்களுக்குத் தண்ணீர்மலையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலைமேல் எழுந்தருளியிருக்கும் பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்க 513 படிகள் ஏற வேண்டும். அவற்றை ஒரே தாவலில் கடந்தவர் எவரும் இலர். அடிவாரத்தில் நின்று உச்சியையே அண்ணாந்து பார்த்துக் கொண்டிருப்பவருக்கு முதற்படியிலேயே கால் சோர்ந்துவிடும். அடுத்த படியை மட்டும் பார்த்து அடி வைப்பவர், எழுபது வயது மூதாட்டியேயாயினும், வழியில் இரண்டொரு முறை அமர்ந்து இளைப்பாறியேனும், சந்நிதியை அடைந்தே தீருவார். மனத்தை அமைதிப்படுத்தும் கலையும் இத்தகையதே. அதனை ஒருநாளில் பெற்றுவிட இயலாது. ஆயின், படிப்படியாகப் பயின்றால் எவராலும் பெற இயலும். இச்சொற்பொழிவின் மையக் கருத்து இதுவேயாகும்.

ஓர் இல்லத்தின் மாலைப்பொழுது

எடுத்துக்காட்டாக ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். இது ஒரு குறிப்பிட்ட மனிதரின் வரலாறன்று. பல இல்லங்களில் நிகழ்வதை ஒன்றாகச் சேர்த்து வரைந்த சித்திரமே.

குடும்பத் தலைவருக்கு வயது நாற்பத்தைந்து. வேலை ஜார்ஜ் டவுனில், வீடு பட்டர்வொர்த்தில். 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தை நாள்தோறும் இருமுறை மோட்டார் சைக்கிளில் கடக்கின்றார். காலையில் நெரிசல், அலுவலகத்தில் முடிக்கப்படாத கோப்புகள், மேலதிகாரியின் கடுஞ்சொல், மாலையில் மீண்டும் நெரிசல், சில நாளில் மழை. வீட்டுக்கடன் ஒருபுறம், வயதான தாயின் மருந்துச் செலவு மறுபுறம். அவர் குடிப்பதில்லை; எவரையும் ஏமாற்றுவதில்லை; வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருபவர். ஊரார் அவரை நல்ல மனிதர் என்றே சொல்வர். அது உண்மையும் ஆகும்.

அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். தேர்வு அறிக்கையில் கையொப்பம் பெறுவதற்காக ஒருநாள் மாலை அவள் தந்தையின் அருகில் வந்து நின்றாள். கணிதத்தில் மதிப்பெண் குறைந்திருந்தது. அவர் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டிற்கும் கேட்டது. அறிக்கை தரையில் விழுந்தது. சிறுமி அழவில்லை. அதனை எடுத்து மடித்துக் கொண்டு அறைக்குள் சென்றுவிட்டாள். அன்று முதல் அவள் ஒரு புதிய பாடத்தைக் கற்றுக் கொண்டாள். மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் ஓசை, வாயிற்கதவு சாத்தப்படும் ஓசை, காலணியைக் கழற்றிப் போடும் ஓசை ஆகிய மூன்றையும் கேட்டே அன்றைய தினம் தந்தையின் அருகில் செல்லலாமா கூடாதா என்று முடிவு செய்யக் கற்றுக் கொண்டாள். எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத் தராத பாடம் அது; எந்தக் குழந்தையும் கற்கக் கூடாத பாடமும் அதுவே.

‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று முன்னோர் சொல்லிச் சென்றனர். அத்தந்தைக்குப் புத்தி இல்லாமல் இல்லை. கோபம் வந்த அந்நேரத்தில் அது துணைக்கு வரவில்லை, அவ்வளவே. மறுநாட்காலை பாலத்தின் மீது செல்லும்போது மகளின் முகம் நினைவுக்கு வந்து அவரை வருத்துகின்றது. ஆனால் அன்று மாலையும் அதே கதைதான். மன அழுத்தம் என்பது அதனைச் சுமப்பவரை மட்டும் வாட்டுவதன்று. அவரை நம்பி வாழ்பவர்களையும் அது வாட்டுகின்றது.

இஃது ஏதோ ஒரு சிலருக்கு வரும் குறை எனக் கருதிவிட வேண்டாம். மலேசிய சுகாதார அமைச்சு 2015-இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியருள் 29.2 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, ஏதேனும் ஒரு வகையில் மனநலச் சிக்கல் இருப்பதற்கான அறிகுறிகள் காணப்பட்டன.

உடல் செய்வது என்ன?

மன அழுத்தத்தை இன்றைய பொருளில் மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டு வந்தவர் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் ஆவார். 1936-இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையிலிருந்தே இத்துறை வளர்ந்தது எனலாம். அவருக்கு முன்பே வால்ட்டர் கேனன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர், ஆபத்தைக் கண்ட உயிரினம் ஒன்று எதிர்த்துப் போரிடவோ தப்பியோடவோ தன் உடலை எவ்வாறு ஆயத்தப்படுத்துகின்றது என்பதை விளக்கியிருந்தார். அட்ரினலின் சுரக்கின்றது; இதயம் விரைந்து துடிக்கின்றது; மூச்சு மேலோட்டமாகின்றது; தசைகள் இறுகுகின்றன. சற்று நேரத்தில் கார்ட்டிசோல் என்னும் மற்றொரு சுரப்பும் இரத்தத்தில் கூடுகின்றது.

புலி துரத்தும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். ஆனால், உடலுக்குப் புலிக்கும் மேலதிகாரிக்கும் வேறுபாடு தெரிவதில்லை. புலி போய்விட்டால் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடனும் கோப்பும் போவதில்லை, நினைவிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே, காலையில் மூண்ட நெருப்பு மாலைவரை அணையாமல் கனன்று, வீட்டிற்குள்ளும் நுழைகின்றது. தேர்வு அறிக்கையை நீட்டிய சிறுமியை அத்தந்தை கண்டித்ததாகத் தோன்றினாலும், உண்மையில் காலை முதல் திரண்டிருந்த நெருப்பே அவள் மீது பாய்ந்தது.

இதனை அறிந்து கொள்வதால் மட்டும் பயன் விளைந்துவிடுமா? விளையாது. நீந்துவது எவ்வாறு என்று நூலில் படித்தவன் கடலில் மிதக்க மாட்டான். ‘கோபப்படாதே’ என்னும் அறிவுரையைக் கேளாதவர் இவ்வவையில் ஒருவரும் இரார். திருக்குறளிலேயே வெகுளாமை என்று ஓர் அதிகாரம் உள்ளது. அறிவுரைக்குக் குறைவில்லை, பயிற்சியே குறைவு.

மனவிழிப்பு என்னும் சொல்

இன்று மருத்துவமனைகளிலும் நிறுவனங்களிலும் பேசப்படும் மனவிழிப்பு என்னும் கருத்துக்குப் பழைய வேர் உண்டு. பாலி மொழியில் அதற்குச் ‘சதி’ என்று பெயர், வடமொழியில் ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் நினைவு என்பதே நேர்ப்பொருள். இலங்கையில் ஆங்கிலேய அரசின் குடிமைப் பணியில் இருந்து, அங்கே பாலி மொழியைக் கற்ற ரீஸ் டேவிட்ஸ் என்பவரே 1881-இல் தம் மொழிபெயர்ப்பில் அதற்கு ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை வழங்கினார். இப்போது என்ன செய்து கொண்டிருக்கின்றோம், மனத்தில் என்ன எழுகின்றது என்பதை மறவாமல் இருத்தலே அதன் சாரம்.

சைவர்க்கும் இது புதியதன்று. பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. மூச்சை ஒழுங்குபடுத்துவதும் மனத்தை ஒருமுகப்படுத்துவதும் அதன் உறுப்புகளாகும். இமயமலைக் குகையில் இருப்பவர்க்கு மட்டுமே இவை உரியன என்னும் எண்ணம் இடையில் தோன்றிய மயக்கமே. காலை எட்டு மணிக்கு வேலைக்குச் செல்பவரும் இவற்றைப் பயின்று பயன்பெற்றனர் என்பதற்கு அண்மைக் கால வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

கணக்கு அலுவலகத்தில் ஒரு தியான அறை

பர்மாவில் ஊ பா கின் என்று ஒருவர் வாழ்ந்தார். 1899-இல் ரங்கூனில் பிறந்த அவர், அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1937-இல், சாயா தெட்ஜி என்னும் விவசாயி ஒருவரிடம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைக் கற்றார். 1948 சனவரி 4-இல் பர்மா விடுதலை பெற்றபோது, அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காளராகப் பொறுப்பேற்றார். புதிதாகப் பிறந்த ஒரு நாட்டின் கணக்கு வழக்குகளைக் கட்டிக் காக்கும் சுமை எத்தகையது என்பதை அலுவலகம் அறிந்தவர் உணர்வர். அத்தகைய சுமைக்கு இடையில்தான், 1950-இல் தம் அலுவலக ஊழியர்களுக்காகவே ஒரு தியானச் சங்கத்தை அவர் அமைத்தார். 1952-இல் ரங்கூனில் ஒரு தியான நிலையத்தையும் நிறுவினார். வேலையைத் துறந்து தியானத்திற்குச் சென்றவர் அல்லர் அவர். வேலைக்குள்ளேயே தியானத்தைக் கொண்டு வந்தவர்.

அவரிடம் 1955-இல் ஓர் இந்திய வணிகர் வந்தார். மண்டலேயில் 1924-இல் பிறந்த சத்ய நாராயண கோயங்கா என்பவரே அவர். இளமையிலேயே பெருஞ்செல்வம் ஈட்டியவர். செல்வத்தோடு கடும் ஒற்றைத் தலைவலியும் வந்து சேர்ந்தது. அதனைத் தணிக்க மார்பின் ஊசி போட வேண்டியிருந்தது. அம்மருந்துக்கே அடிமையாகி விடுவோமோ என்னும் அச்சத்தில் பல நாட்டு மருத்துவர்களை நாடியும் பயனில்லை. தலைவலியைப் போக்கிக் கொள்ள வேண்டும் என்று அவர் கேட்டபோது, அதற்காக மட்டும் வருவதாயின் இப்பயிற்சி வேண்டாம் என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மைப்படுத்தவே இப்பயிற்சி. நோய் நீங்குவது அதன் உடன்விளைவாக இருக்கலாம் என்பதே ஆசிரியரின் நிலை. ஆழ்ந்த இந்து சமயப் பற்றுள்ள குடும்பத்தில் பிறந்த கோயங்காவுக்கு மற்றொரு தயக்கமும் இருந்தது. இது தம் சமயத்திற்கு மாறாகுமோ என்று அவர் அஞ்சினார். மூச்சுக்கு மதமில்லை என்பதையும், ஒழுக்கமும் மன ஒருமையும் எல்லாச் சமயத்தாரும் போற்றுபவை என்பதையும் உணர்ந்த பின்னரே பத்து நாள் பயிற்சியில் அமர்ந்தார்.

இவ்வரலாற்றில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. முதற்பயிற்சியைப் பெற்றது 1955-இல். பிறருக்குக் கற்பிக்க இந்தியாவுக்கு வந்தது 1969-இல். இடையில் 14 ஆண்டுகள், வணிகத்தையும் குடும்பத்தையும் நடத்திக் கொண்டே அவர் மாணவராக இருந்தார். 2012-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 2013-இல் அவர் மறைந்தார். புகழ் வந்ததை அனைவரும் அறிவர். அந்தப் பதினான்கு ஆண்டுகளையே இங்குச் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலாயாவில் வாழ்ந்த ஒரு தமிழ் மருத்துவர்

இத்திருநாட்டோடு நேர்த்தொடர்புடைய மற்றொருவர் சுவாமி சிவானந்தர் ஆவார். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் குப்புசாமி. மருத்துவம் பயின்று, 1913-இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பானுக்கு அருகில் இருந்த தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். ரப்பர் தோட்டங்களில் உழைத்து நலிந்த தமிழ்த் தொழிலாளர்களின் உடல் நோயை மட்டுமல்லாமல் உள்ளத்தின் துயரையும் பத்தாண்டுக் காலம் அருகிலிருந்து கண்டவர் அவர். 1923-இல் இந்தியா திரும்பி, மறு ஆண்டில் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

சிவானந்தர் தம் மாணவர்களுக்கு அளித்த கருவிகளுள் மிக எளியது ஆன்மிக நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை செபம் செய்தாய், எவ்வளவு நேரம் மௌனம் காத்தாய், எத்தனை முறை கோபம் கொண்டாய், அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பன போன்ற வினாக்களுக்கு ஒவ்வோர் இரவும் விடை எழுத வேண்டும். நோயாளியின் உடல்வெப்பத்தை நாள்தோறும் குறித்து வைக்கும் மருத்துவரின் பழக்கம் இதில் தெரிகின்றது அன்றோ? கோபத்தின் எண்ணிக்கையை மட்டுமின்றி நீளத்தையும் குறிக்கச் சொன்னதில் நுட்பம் உள்ளது. பயிலத் தொடங்கியவருக்குக் கோபம் வருவது உடனே நின்றுவிடாது. ஆயின், முன்னர் மூன்று மணி நேரம் நீடித்த கோபம் ஒரு மணி நேரமாகும். பின்னர்ப் பத்து நிமிடமாகும். எழுதி வைப்பவருக்கே இந்த முன்னேற்றம் கண்ணுக்குப் புலப்படும். எழுதாதவர், ‘எனக்கு எந்த மாற்றமும் இல்லை’ என்று சலித்து நடுவழியில் இறங்கிவிடுவார்.

கவலையை நான்காகப் பிரித்தல்

தமிழ் நாட்டில் கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, இல்லறத்தார்க்கு ஏற்ற மனவளக்கலையைப் பரப்பினார். 2006-இல் மறைந்த அவருடைய அன்பர்கள் மலேசியாவிலும் பலர் உளர். கண்ணை மூடி அமர்வதோடு நின்றுவிடாமல், எண்ணத்தை ஆராய்தல், ஆசையைச் சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் எனத் தற்சோதனைப் பயிற்சிகளையும் அவர் வகுத்தார்.

கவலைகளை அவர் நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். அனுபவித்தே தீர வேண்டியவை. தள்ளிப் போட வேண்டியவை. அலட்சியம் செய்ய வேண்டியவை. உடனே தீர்க்க வேண்டியவை. முன்னர்க் கூறிய குடும்பத் தலைவர் ஒரு தாளை எடுத்துத் தம் கவலைகளை இந்நான்கு கட்டங்களில் எழுதிப் பார்ப்பாராயின் என்ன காண்பார்? தாயின் முதுமை முதற்கட்டத்தில் அமையும்; அதனை ஏற்றுக் கொண்டு அன்போடு பணிவிடை செய்வதன்றி வேறு வழியில்லை. இன்னும் பத்தாண்டுகள் உள்ள வீட்டுக்கடனை இன்றிரவே அடைக்க இயலாது. மாதத் தவணை கட்டும் நாள் வரை அதனைத் தள்ளி வைக்கலாம். அலுவலகத்தில் ஒருவர் சொன்ன குத்தல் பேச்சு மூன்றாம் கட்டத்திற்கு உரியது. மகளின் கணிதப் பாடமோ நான்காம் கட்டத்தில் நிற்கின்றது. உடனே கவனிக்க வேண்டியது அது ஒன்றே. அதற்கு வேண்டியதும் கூச்சல் அன்று, மாலையில் அரைமணி நேரம் அருகில் அமர்வதே. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்ததால்தான் அம்மனிதரின் கழுத்து ஒடிந்தது.

ஆய்வுகள் கூறுவன

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-சின் என்பவர், நாட்பட்ட நோயும் வலியும் உடையவர்களுக்காக மனவிழிப்புப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதன் பின்னரே இக்கலை மருத்துவர்களின் ஆய்வுக்கு உரியதாயிற்று. 2014-இல், 3515 பேர் பங்குபெற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிஞர்கள், தியானப் பயிற்சியால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதைக் கண்டனர். அதே வேளையில், உடற்பயிற்சி, மருந்து முதலிய பிற வழிகளைக் காட்டிலும் தியானம் உயர்ந்தது என்பதற்குச் சான்றில்லை என்றும் தெரிவித்தனர். 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பதற்ற நோயுடைய 276 பேரிடையே, 8 வார மனவிழிப்புப் பயிற்சி ஒரு வழக்கமான மருந்துக்கு ஈடான பயனைத் தந்தது தெரிய வந்தது. மிகைப்படுத்தலும் வேண்டாம், குறைத்து மதிப்பிடலும் வேண்டாம்.

கோயிலுக்கு வரும் அன்பர்களுக்கு மகிழ்ச்சியூட்டும் ஆய்வு ஒன்றும் உண்டு. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதனை வெளியிட்டனர். கிறித்துவர்களின் செபமாலை வழிபாட்டையும் ஒரு மந்திர உச்சாடனத்தையும் 23 பேரைக் கொண்டு ஆராய்ந்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முறையாகத் தணிந்ததையும், இதயத் துடிப்பும் இரத்த ஓட்டமும் அதனோடு இசைந்து சீர்பட்டதையும் அவர்கள் கண்டனர். ஆகவே, ‘சரவணபவ’ என்றோ ‘சிவாயநம’ என்றோ நிதானமாக ஓதும் பாட்டிக்குத் தாம் அறியாமலேயே இப்பயிற்சி கைவந்திருக்கக் கூடும். வாய் மந்திரத்தைச் சொல்ல, கண் கைக்கடிகாரத்தைப் பார்க்குமாயின் அப்பயன் கிட்டுமா என்பது ஐயமே.

பயிலும் முறை

மனவிழிப்பைப் பயில்வதற்குத் தனி அறையோ பணமோ வேண்டுவதில்லை. காலையில் நீராடிய பின் ஐந்து நிமிடம் பூசையறையில் நிமிர்ந்து அமர்தல் போதும். இயல்பாக வந்து போகும் மூச்சை மட்டும் கவனித்தல் வேண்டும். சில நொடிகளில் மனம் அலுவலகத்திற்கு ஓடிவிடும். இது தோல்வியன்று. ஓடிவிட்டதை அறிந்து, தன்னைக் கடிந்து கொள்ளாமல், மீண்டும் மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி. ஐந்து நிமிடத்தில் இருபது முறை ஓடினால், இருபது முறை திரும்பும் வாய்ப்புக் கிடைத்தது என்று கொள்ள வேண்டும். எடை தூக்கும் வீரருக்கு ஒவ்வொரு தூக்கும் வலிமை சேர்ப்பது போல, ஒவ்வொரு திரும்புதலும் மனத்திற்கு வலிமை சேர்க்கும்.

அடுத்து, நாளின் நடுவே சில நிறுத்தங்களைக் குறித்துக் கொள்ளலாம். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரியும்போது தோள்களைத் தளர்த்தி மூன்று முறை மெல்ல மூச்சு விடுதல். தொலைபேசி மணி அடித்ததும் உடனே பாயாமல் ஒரு மூச்சுக்குப் பின் எடுத்தல். கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போது கால் தரையில் படுவதை உணர்தல். மூச்சை உள்ளிழுப்பதைக் காட்டிலும் வெளிவிடுவதைச் சற்று நீளமாக்கினால் இதயத் துடிப்புத் தணியும். விடியற்காலையில் தாவரவியல் பூங்காவில் நடப்பவர்கள், நடையின் ஒரு பகுதியையேனும் பேச்சின்றி அடியெடுப்பதைக் கவனித்துக் கழிக்கலாம். இரவில் இரண்டு வரி நாட்குறிப்பு எழுதலாம்.

எத்தனை நாளில் இது பழக்கமாகும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள், நாள்தோறும் ஒரு புதிய செயலைச் செய்யத் தொடங்கிய 96 பேரைக் கண்காணித்து, 2010-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு செயல் இயல்பாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகக்கூடும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பின்னடைவு நேரவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. ஆகையால், ஒருநாள் விட்டுப்போனதற்காக எல்லாவற்றையும் கைவிட வேண்டியதில்லை. மலையேறுபவர் நடுவே அமர்ந்துவிட்டால், ஏறிய படிகள் இல்லாமற் போய்விடுவதில்லை.

மறக்கக் கூடாத மூன்று

முதலாவது, இப்பயிற்சி மருத்துவத்திற்கு மாற்றன்று. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தாலும், வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், தயங்காமல் மருத்துவரை நாட வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்னும் உதவித் தொலைபேசி எண்ணும் உள்ளது. காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்வதற்கு வெட்கப்படாதவர், மனத்தின் நோய்க்கு மட்டும் வெட்கப்படுவது பொருந்தாது. சமுதாயம் என்ன சொல்லும் என்று மறைத்து வைத்துப் பிள்ளைகளை இழந்த பின் அழுவதில் பயனில்லை.

இரண்டாவது, கண்மூடி அமரும்போது பழைய துயரங்கள் பெருகி எழுந்து சிலரைக் கலங்க வைப்பதுண்டு. அத்தகையோர் தம்மை வற்புறுத்திக் கொள்ளாமல், கண்ணைத் திறந்தபடி நடத்தல், வாய்விட்டுத் தேவாரம் பாடுதல் போன்றவற்றை மேற்கொண்டு, தகுதி வாய்ந்தவரின் துணையை நாடுதல் நலம்.

மூன்றாவது, பொறுமை என்பது அநீதியைச் சகித்துக் கொள்வதன்று. வேலைச்சுமை அளவு கடந்ததாயின் அதனைப் பொறுப்பாளரிடம் எடுத்துரைக்க வேண்டும். இல்லத்தில் அடியும் உதையும் படும் பெண்ணிடம் தியானம் செய் என்று சொல்வது கொடுமை. அவளுக்கு வேண்டியது பாதுகாப்பு. மனவிழிப்பு உடையவர் எதனை ஏற்க வேண்டும், எதனை எதிர்க்க வேண்டும் என்பதைத் தெளிவாகக் காண்பார். எதிர்க்கும்போதும் நிதானம் தவறாமல் எதிர்ப்பார்.

மீண்டும் அவ்வில்லத்திற்கு

ஓராண்டு கழித்து அக்குடும்பத் தலைவர் எந்நிலையில் இருப்பார்? முனிவராகியிருக்க மாட்டார். பாலத்தில் நெரிசல் குறைந்திருக்காது. கடனும் அப்படியே இருக்கும். மாறியிருப்பது மிகச் சிறிய ஒன்று. வீட்டு வாயிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய பின் அவர் உடனே இறங்குவதில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக் கொண்டு, மூன்று முறை மெல்ல மூச்சு விடுகின்றார். அந்த அரை நிமிடத்தில் அலுவலகம் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

சில நாளில் அதுவும் பயன்படுவதில்லை, குரல் உயர்ந்துவிடுகின்றது. முன்னரெல்லாம் அதோடு முடிந்துவிடும். இப்போது சற்று நேரத்தில் அவரே மகளின் அறை வாயிலில் போய் நிற்கின்றார். “அப்பா சத்தம் போட்டது தப்புதாம்மா” என்கின்றார். ஒரு தமிழ்க் குடும்பத்தில் தந்தை தன் பிள்ளையிடம் இவ்வாறு சொல்வது எளிதன்று. ஐந்து நிமிடம் கண்மூடி அமர்வதைவிட அரிய தவம் அதுவே.

அடுத்த தேர்வின் அறிக்கை வருகின்றது. கணிதத்தில் மதிப்பெண் இம்முறையும் பெரிதாக உயரவில்லை. ஆயினும் அச்சிறுமி ஓசைகளைக் கேட்டுக் கொண்டு அறைக்குள் காத்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் நின்றதும் அறிக்கையை எடுத்துக் கொண்டு தானே வாயிலுக்கு வருகின்றாள். இதனைக் காட்டிலும் பெரிய பரிசு ஒரு தந்தைக்கு வேறில்லை.

‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது பழமொழி. மனம் அம்மியைவிடக் கனமானதன்று. இத்திருவிழாவில் சந்நிதியின் முன் நிற்கும்போது ஒவ்வோர் அன்பரும், வேண்டுதல்களைச் சொல்வதற்கு முன்பாக, மூன்று மூச்சு அமைதியாக நிற்கப் பழகட்டும். அதுவே முதற்படி. எஞ்சிய படிகளை ஏறுவதற்கு எல்லாம் வல்ல முருகப் பெருமானின் திருவருள் துணை நிற்பதாகுக. அனைவரும் நலமும் அமைதியும் பெற்று வாழ்க.